கணையத்தின் வாசலில் எண்டோஸ்கோப்: எப்போது தொடுவது, எப்போது விடுவது

இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலின் உட்சுவரில் சில மில்லிமீட்டரே உயர்ந்த ஒரு சிறு மேடு இருக்கிறது. மருத்துவர்கள் அதைப் பாப்பிலா என்கிறார்கள். கல்லீரல் ஒரு நாளில் சுரக்கும் முக்கால் லிட்டர் அளவிலான பித்தநீரும், கணையம் சுரக்கும் ஒன்றரை லிட்டர் அளவிலான செரிமானச் சாறும் பெரும்பாலும் அதன் நுனித் துளை வழியாகத்தான் குடலுக்குள் இறங்குகின்றன. துளையைச் சுற்றி ஒரு வளையத் தசை உண்டு. அதை 1887இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய ருஜெரோ ஒடி, அப்போது இத்தாலியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர்.

பித்தநாளமும் கணையக் குழாயும் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றின் சிக்கல் எளிதில் மற்றொன்றையும் பிடித்துக்கொள்கிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல் அங்கே சிக்கினால் பித்தம் மேலே தேங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகும், மலம் வெளுக்கும். தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகினால் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். அதே கல் கணையச் சாற்றையும் மறித்துவிட்டால் நிலைமை வேறு. 1901இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய யூஜின் ஓபி, கணைய அழற்சியால் இறந்தவரின் உடலை ஆய்ந்தபோது பாப்பிலாவில் சிக்கியிருந்த கல்லைக் கண்டு, இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுதினார். கணையச் சாறு புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கவே சுரப்பது. ஆகவே டிரிப்சின் போன்ற நொதிகளைக் கணையம் செயலற்ற வடிவில்தான் அனுப்புகிறது. குடலுக்கு வந்த பிறகே அவை விழித்துக்கொள்ள வேண்டும். குழாய் அடைபட்டு அழுத்தம் ஏறும்போது கணையச் செல்களுக்குள்ளேயே அவை விழித்துக்கொள்கின்றன. தான் சுரந்த சாறே தன்னை அரிக்கத் தொடங்குகிறது.

இந்த வாசலுக்கு உள்ளே போக வேண்டுமானால் முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்தாக வேண்டும். 1968இல் அமெரிக்காவில் வில்லியம் மெக்யூனும் அவருடைய குழுவும் எண்டோஸ்கோப் என்னும், உள்ளே பார்க்க உதவும் வளையும் குழாயை வாய்வழியே செலுத்தி முதன்முதலில் இந்தத் துளைக்குள் குழாய் நுழைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர்கள் அதை ஒழுங்கான முறையாக வளர்த்தார்கள். 1974இல் ஜப்பானின் கவாய் குழுவும் ஜெர்மனியின் கிளாசன், டெம்லிங் இருவரும் வளையத் தசையை உள்ளிருந்தே வெட்டித் திறந்ததை வெளியிட்டார்கள். இன்று இஆர்சிபி என்று அழைக்கப்படும் சிகிச்சை இப்படித்தான் பிறந்தது.

செய்முறை கேட்பதற்கு எளிது. மயக்க மருந்து கொடுத்தபின் எண்டோஸ்கோப் வாய், உணவுக்குழாய், இரைப்பை வழியாக முன்சிறுகுடலுக்கு இறங்குகிறது. பாப்பிலா பக்கச் சுவரில் இருப்பதால் இந்தக் கருவியின் கேமராவும் நுனியில் அல்லாமல் பக்கவாட்டில் பார்க்கிறது. வெளிவரும் கம்பியை வளைத்துத் தூக்கிவிட, நுனியருகே ஒரு சிறு நெம்புகோலும் உண்டு. மருத்துவர் கண் முன்னால் பாப்பிலாவை ஒரு கடிகார முகமாக வைத்துக்கொண்டால், பித்தநாளம் ஏறத்தாழ 11 மணித் திசையில் மேல்நோக்கிப் போகும். கணையக் குழாய் 1 மணித் திசையில் விலகும். மெல்லிய வழிகாட்டிக் கம்பி சரியான குழாய்க்குள் போய்விட்டதை எக்ஸ்ரே திரையில் உறுதி செய்துகொண்டு, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்துகிறார்கள். சாயத்தின் கரு நிழலுக்குள் கல் ஒரு வெற்றிடமாகத் தெரியும். மின்சாரம் பாயும் கம்பியால் தசையை வெட்டி, பலூனாலோ சிறு கம்பிக் கூடையாலோ கல்லை இழுத்துக் குடலில் போட்டுவிடலாம். புற்றுநோயால் குழாய் நெரிந்திருந்தால், வழியைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு குழலை வைக்கிறார்கள். மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் ஸ்டென்டில் கிருமிப் படலமும் கசடும் சேர்ந்து சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். பத்து மில்லிமீட்டருக்கு விரியும் உலோக வலை ஸ்டென்ட் அதைவிட நீண்ட காலம் திறந்திருக்கும்.

இது உயிர் காக்கும் சிகிச்சை என்பதில் சந்தேகம் வேண்டாம். பித்தநாளத்தில் கடும் தொற்று ஏற்பட்டவர்களை வைத்து ஹாங்காங்கில் நடந்து 1992இல் வெளியான ஆய்வில், அறுவைசிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதம் பேர் இறந்தார்கள். எண்டோஸ்கோப் வழியே பித்தம் வடிக்கப்பட்டவர்களில் 10 சதவீதம்.

ஆனால் இந்தச் சிகிச்சையே கணைய அழற்சியை உண்டாக்கவும் செய்கிறது. நூறு பேருக்குச் செய்தால் பொதுவாக மூன்று முதல் பத்துப் பேர் வரை அதற்கு ஆளாகிறார்கள். சிலருக்கு அது மிகக் கடுமையாகிறது. மீண்டும் மீண்டும் முயலும்போது பாப்பிலா வீங்கி, கணையச் சாற்றின் வழியை மூடிவிடலாம். கம்பி தவறிக் கணையக் குழாய்க்குள் போகலாம், சாயம் அங்கே அழுத்தத்தோடு பாயலாம். இளம் பெண்கள், காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் இயல்பான அளவில் உள்ளவர்கள், ஏற்கெனவே கணைய அழற்சி வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அடைப்பு தெளிவாக இல்லாமல் வெறும் வலிக்குக் காரணம் தேடி இச்சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். யாருக்கு இது குறைவாகத் தேவையோ அவர்களுக்கே இது அதிக ஆபத்து என்று இத்துறை முன்னோடிகளில் ஒருவரான பீட்டர் காட்டன் 2001இல் எழுதினார். இத்துறையில் எழுதப்பட்டவற்றுள் மிகவும் பயன்பட்ட வாக்கியம் அதுவே என்பது என் எண்ணம்.

அதன்பின் வந்த ஆய்வுகளில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது, 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒன்று. பித்தப்பை நீக்கிய பிறகும் வயிற்று வலி தொடர்ந்தவர்களுக்கு வளையத் தசை இறுகுவதே காரணம் என்று கருதி, பல ஆண்டுகளாக அதை வெட்டிவந்தார்கள். 214 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையாக வெட்டினார்கள். மற்றவர்களுக்கு எண்டோஸ்கோப்பைச் செலுத்திவிட்டு வெட்டாமல் விட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. வெட்டியவர்களில் 23 சதவீதம் பேருக்கு நிவாரணம்; வெட்டாதவர்களில் 37 சதவீதம். பலகாலம் நம்பிச் செய்த ஒரு சிகிச்சை, போலிச் சிகிச்சைக்குக்கூட ஈடாகவில்லை. அந்த வகை நோயாளிகளின் பாப்பிலாவை விட்டுவிட வேண்டும் என்பது அதோடு தெளிவாயிற்று.

கல்லால் வரும் கணைய அழற்சியிலும் இப்படித்தான். கல் அடைத்திருக்கிறது என்றால் உடனே போய் எடுப்பதுதானே முறை? நெதர்லாந்தில் 232 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், பித்தநாளத் தொற்று இல்லாதவர்களுக்கு அவசர இஆர்சிபி செய்ததால் பெரும் சிக்கல்களோ இறப்போ குறிப்பிடும்படி குறையவில்லை. பெரும்பாலும் கல் தானாகவே நழுவிக் குடலுக்குப் போய்விடுகிறது. தொற்று இருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

நோயைக் கண்டறிவதற்கென்று பாப்பிலாவைத் தொட வேண்டிய தேவையும் இப்போது இல்லை. எம்ஆர்ஐ கருவியில் பித்தநாளத்தின் படம் தெளிவாகக் கிடைக்கிறது. எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவியும் வந்துவிட்டது. கணையம் இரைப்பைக்கு நேர் பின்னால் கிடப்பதால், உள்ளிருந்து அனுப்பும் ஒலி அதை மிக நெருக்கத்தில் பார்க்கிறது; எம்ஆர்ஐ தவறவிடும் பொடிக் கற்களைக்கூட இது பிடித்துவிடும். 1992இல் டென்மார்க்கில் இந்தக் கருவி வழியே கணையத்தில் ஊசி செலுத்தித் திசு எடுத்தார்கள். இன்று கணையப் புற்றுநோயை உறுதிசெய்ய முதன்மையான வழி அதுதான்.

தொட்டே ஆக வேண்டியவர்களைக் காப்பாற்றவும் வழி கிடைத்தது. ஆபத்து அதிகமுள்ள 602 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிந்ததும் ஆசனவாய் வழியே இண்டோமெத்தசின் வைத்தபோது கணைய அழற்சி 16.9 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் குறைந்தது. வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் சாதாரண வலிநிவாரணி அது. கணையக் குழாயில் சிறு ஸ்டென்ட் வைத்து வழியைத் திறந்துவைப்பது இன்னொரு தடுப்பு. மருந்து இருக்கும்போது ஸ்டென்ட் எதற்கு என்ற கேள்விக்கு 2024இல் பதில் வந்தது. 1,950 பேரில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும், இரண்டும் பெற்றவர்களில் 11.3 சதவீதம் பேருக்கும் அழற்சி வந்தது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

கணையத்தின் ஒரு பகுதி செத்துச் சீழ் பிடிக்கும் நிலையில் பொறுமையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. முன்பு வயிற்றைத் திறந்து செத்த திசுவை எல்லாம் சுரண்டி எடுப்பார்கள். 2010இல் வெளியான டச்சு ஆய்வு, முதலில் வடிகுழாய், போதாவிட்டால் மட்டும் அடுத்த படி என்ற முறையைச் சோதித்தது. பெரும் சிக்கலோ இறப்போ 69 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் வடிகுழாயோடு நின்றுவிட்டது. பிறகு எண்டோஸ்கோப்பே அந்த வடிகாலை இரைப்பைச் சுவர் வழியாக அமைக்கத் தொடங்கியது. அதற்கான உலோக ஸ்டென்ட் உடுக்கை வடிவில் இருக்கும்: இரு முனைகளும் அகன்று, ஒன்று இரைப்பையையும் மற்றொன்று சீழ்ப்பையையும் இறுகப் பிடித்துக்கொள்ள, இடையில் சீழ் வடியும். சீழ்ப்பையைச் சுற்றிச் சுவர் கட்ட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்கலாமா என்று கேட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில், காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கிருமிக்கொல்லி மருந்தாலேயே தேறி, வடிகுழாயே தேவைப்படாமல் போனார்கள்.

கணையத் தலைப் புற்றுநோயால் காமாலை வந்து, அறுவைசிகிச்சைக்கு உடனே தயாராக இருப்பவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். முதலில் ஸ்டென்ட் வைத்துக் காமாலையை இறக்கிவிட்டு அறுக்கலாம் என்பது நியாயமாகத்தான் தோன்றும். 2010இல் வெளியான இன்னொரு டச்சு ஆய்வில் அப்படிச் செய்தவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கடும் சிக்கல்கள்; நேராக அறுவைசிகிச்சைக்குப் போனவர்களில் 39 சதவீதம். அந்த ஆய்வில் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஸ்டென்டுகளே பயன்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் கீமோதெரபி தேவைப்படுகிறவருக்கோ, தொற்று வந்தவருக்கோ ஸ்டென்ட் இன்றும் அவசியம்.

இப்போது பாப்பிலாவையே தவிர்க்கும் பாதை ஒன்று உருவாகியிருக்கிறது. அல்ட்ராசவுண்டின் துணையோடு முன்சிறுகுடல் சுவரைத் துளைத்து நேரே பித்தநாளத்துக்குள் ஸ்டென்ட் வைக்கிறார்கள். 2001இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த முறை, புற்றுநோய் அடைப்புகளில் இஆர்சிபிக்கு நிகராக நிற்பதைச் சமீபத்திய ஒப்பீடுகள் காட்டுகின்றன. கணையத்தின் வாசலைத் தொடாததால் அழற்சிக்கான முக்கியக் காரணம் விலகுகிறது. பதிலுக்கு ரத்தக்கசிவு, பித்தக்கசிவு, ஸ்டென்ட் நழுவுதல் என்று வேறு ஆபத்துகள் உண்டு. நாளம் நன்றாக வீங்கியிருந்தால்தான் ஊசி பாதுகாப்பாக இறங்கும். புற்றுநோய் நெரித்த நாளம் அப்படி வீங்கியிருக்கும். கல் மட்டுமே உள்ள ஒருவரின் நாளம் பல நேரம் மெல்லியதாகவே இருக்கும். அவருக்கு இன்றும் அந்தச் சில மில்லிமீட்டர் மேட்டின் வழியாக, 11 மணித் திசையில் கம்பியைச் செலுத்துவதுதான் வழி.