வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? துப்பாக்கியை ஒப்படைத்து வைக்கலாம்

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் இறந்தபின் ஒன்றரை வருஷம் அவருடைய துப்பாக்கியைப் பழைய சேலையில் சுற்றிப் பரண் மேல் வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு. பயந்துபோய் ஸ்டேஷனுக்குப் போனால், "ஐயா இல்லை, நாளைக்கு வாங்க" என்று மூன்று முறை அனுப்பிவிட்டார்கள். நாலாவது முறை, "இத்தனை நாள் ஏன் வைத்திருந்தீங்க? கேஸ் ஆகும்" என்றார்கள்.

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் இறந்ததுமே அந்தத் துப்பாக்கி சட்டவிரோதப் பொருளாகிவிடுகிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாளே மனுவை எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அதே மனுவை எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பின்னால் கேஸ் என்று மிரட்டினால் அந்தத் தபால் ரசீதுதான் துணை.

லைசென்ஸ்தாரர் உயிரோடு இருந்தாலும், வீட்டில் வைக்கப் பயமாக இருந்தால் பாதுகாப்புக்காக ஒப்படைக்கலாம். இது பலருக்குத் தெரியாது, ஸ்டேஷனிலும் யாரும் தானாகச் சொல்வதில்லை. ஆனால் அவரே கொண்டுபோக வேண்டும். அவர் எழுதிக்கொடுத்தால் இன்னொருவர் எடுத்துப்போகலாம் என்ற சலுகை, ரிப்பேர், புதுப்பித்தல், அவருடைய சொந்தப் பயன்பாடு ஆகியவற்றுக்குத்தான். 'அப்பாவுக்கு முடியல' என்று மகன் பைக்கில் எடுத்துப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ரசீதில் துப்பாக்கி எண், வகை, தோட்டா எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். வெறும் 'பெற்றுக்கொண்டேன்' போதாது. அப்புறம் பெரிய பொறி ஒன்று: துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தாலும் லைசென்ஸ் காலாவதியாகும். இப்போது 5 வருஷத்துக்குத் தருகிறார்கள், அதற்குள் எல்லாருமே மறந்துவிடுகிறோம். காலெண்டரில் குறித்து வையுங்கள்.

இறந்தவரின் துப்பாக்கியை வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் எடுத்து வாங்கலாம், 21 வயது முடிந்திருந்தால். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் ஃபைல் நகராது. வேண்டாமென்றால் விற்கவும் வழி உண்டு. ஆனால் விட்டுவிட்டால் கெடு முடிந்ததும் அரசு எடுத்துக்கொள்ளும்.

சரி, வீட்டில்தான் வைப்பேன் என்கிறீர்களா? 2016 ஆயுத விதிகள் வந்தபின் லைசென்ஸ் கேட்டவர்கள், பாதுகாப்பாக வைப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருப்பார்கள். பரண் பாதுகாப்பு இல்லை. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி இடுப்பில். குழல் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியாக இருந்தால், பார்த்த பார்வையில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரியாது. மருந்தையும், அதைப் பற்றவைக்கும் கேப்பையும்கூடப் பூட்டி வையுங்கள்.