கிளாக்கோமா: ஒவ்வொரு கண்ணுக்கும் தனி அளவுகோல்

கண் அழுத்தம் 21-ஐத் தாண்டவில்லை, ஆகவே பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா தமக்கு வராது என்று நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்களையும், ஸ்கேன் அறிக்கையில் சிவப்பு நிறத்தைக் கண்டு பார்வை பறிபோகப் போகிறது என்று கலங்கியவர்களையும் கண் மருத்துவராக அடிக்கடி சந்திக்கிறேன். பலருடைய சராசரியைக் கொண்டு ஒருவருடைய கண்ணை மதிப்பிடுவதால் வரும் சிக்கல் இது. கிளாக்கோமாவில் இழந்த பார்வை திரும்பாது என்பதால், இந்தச் சிக்கலைத் தீர்க்க முயலும் ஆய்வுகளை மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன்.

10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பான அழுத்தம் என்பது மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்த எல்லை. ஒருவருடைய பார்வை நரம்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதை அது சொல்வதில்லை. ஜப்பானில் தஜிமி நகரில் நடந்த ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா (கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் மூடாமலேயே வரும் வகை) இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் அழுத்தம் 21-ஐத் தாண்டவில்லை. மறுபுறம், அழுத்தம் கூடியிருந்தும் நரம்பு பாதிக்கப்படாதவர்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை பெறாதவர்களிலும் ஐந்து ஆண்டுகளில் 9.5 சதவீதத்தினருக்கே நோய் வந்தது. யாருக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டிக் காட்டிய காரணிகளில் கருவிழிப் படலத்தின் தடிமனும் ஒன்று. படலம் மெல்லியதாக இருந்தால் கருவி உண்மையைவிடக் குறைவான அழுத்தத்தைக் காட்டக்கூடும். ஆனால் இன்றும் அந்தத் தடிமன் அளக்கப்படாமலேயே பலருக்கு "பிரஷர் நார்மல்" என்று சொல்லப்படுகிறது.

ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் இதே சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழை அடுக்கின் தடிமனை அளந்து, அதே வயதுடைய ஆரோக்கியமானவர்களின் தரவோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கருவி நிறமிடுகிறது. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்கள் பொதுவாக அந்தத் தரவில் சேர்க்கப்படுவதில்லை. அவர்களுடைய கண் நீண்டிருப்பதால் நரம்பிழைக் கற்றைகள் சற்று இடம் மாறி அமைந்திருக்கும். கருவி எதிர்பார்க்கும் இடத்தில் தடிமன் இல்லாததால் நோயே இல்லாமலும் சிவப்பு விழும். நேர்மாறாக, பிறவியிலேயே தடித்த நரம்பிழை கொண்டவர் அதில் கணிசமான பகுதியை இழந்த பிறகும் பச்சையிலேயே இருக்கலாம், இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. கண்ணின் நீளம், நரம்புத் தலையின் (பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் இடம்) அளவு, இரத்தக் குழாய்களின் போக்கு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு அந்தந்தக் கண்ணுக்குரிய இயல்பு நிலையைக் கணிக்கும் முறைகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். செயற்கை நுண்ணறிவும் இதில் பயன்படுகிறது.

அழுத்தமும் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. படுத்திருக்கும்போது பலருக்குக் கூடுகிறது. பகலில், உட்கார்ந்த நிலையில், ஒரு முறை அளப்பது அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும் என்பதால், வீட்டிலேயே அளந்துகொள்ளும் கருவிகளும் அழுத்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் கான்டாக்ட் லென்ஸும் வந்துள்ளன.

மரபணு ஆய்வில் 1997-இல் கண்டறியப்பட்ட மையோசிலின் மரபணு மாற்றம் சில குடும்பங்களில் இளவயதிலேயே நோய் வருவதை விளக்கியது. பெரும்பாலோருக்கு அப்படி ஒற்றைக் காரணம் இல்லை. பல சிறு மரபணு வேறுபாடுகளைக் கூட்டி ஆபத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் அந்தக் கணிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. மற்றவர்களுக்கு அவற்றை அப்படியே பொருத்துவதை நான் ஏற்க மாட்டேன். மற்றவர்களின் தரவிலும் அவை சரிபார்க்கப்படும்வரை, உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ கிளாக்கோமா இருப்பதை மருத்துவரிடம் சொல்வதே கைவசமுள்ள நல்ல மரபுத் தகவல்.

இந்த முறைகள் எல்லா மருத்துவமனைகளுக்கும் வந்து சேரும்வரை, உங்களுடைய பழைய பரிசோதனை முடிவுகளே உங்களுக்கான அளவுகோல். முதல் ஓ.சி.டி. அறிக்கை, பார்வைப் புலப் பரிசோதனைத் தாள்கள், கருவிழித் தடிமன், சிகிச்சைக்கு முந்தைய அழுத்தம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் ஓ.சி.டி. அளவுகளை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆகவே முடிந்தவரை ஒரே வகைக் கருவியில் தொடருங்கள். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால், ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ மாத்திரையோ இன்ஹேலரோ பயன்படுத்தினால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.