கல் உருட்டும் மெஷின் வைத்திருக்கிறீர்களா? அந்தச் சேற்றை சிங்க்கில் ஊற்றாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு போன். பெங்களூரு சர்ஜாப்பூர் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. மகன் ஆசைப்பட்டான் என்று ராக் டம்ளர், அதாவது தண்ணீரும் தேய்க்கும் பொடியும் சேர்த்துக் கல்லை உருட்டிப் பளபளப்பாக்கும் மெஷின் வாங்கி, அந்தத் தேய்க்கும் பொடியை, கிரிட் பவுடரை, என் பட்டறையில் வாங்கிப் போன தமிழ்க் குடும்பம்.

"அண்ணா, முதல் மாடி வீட்டு சிங்க்கில் தண்ணி எதுத்துக்கிட்டு வருதாம். பிளம்பர் பைப்பைக் கழற்றினா உள்ளே கல்லு மாதிரி அடைச்சிருக்கு. கொஞ்சம் வர முடியுமா?"

அல்சூரிலிருந்து கிளம்பிப் போனேன். கீழே பைப் வளையும் இடத்தை அறுத்து வைத்திருந்தார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, முக்கால் பங்கு வழியை அடைத்துக்கொண்டு. உளியால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. நடுவில் தாளித்த கடுகு நாலைந்து, ஒரு கறிவேப்பிலைக் காம்பு, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. மூன்று மாதச் சமையலும் மூன்று மாதக் கல் சேறும் ஒன்றாக இறுகிப் போயிருந்தன.

இந்த வருடத்தில் இது எனக்கு நான்காவது வீடு. பவுடர் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய், "மண்ணுதானே, தண்ணியை வேகமா திறந்துவிட்டா போயிடும்" என்று ஊற்றிவிடுகிறார்கள். போகாது. தயவுசெய்து இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

மெஷினில் சுழலும் பேரலுக்குள் ஒரு கிலோ கல் போடுகிறீர்கள். கரடு கிரிட், நடுத்தர கிரிட், நைஸ், கடைசியில் பாலிஷ் என்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம். மாதக் கடைசியில் எடை போட்டுப் பாருங்கள். முக்கால் கிலோதான் இருக்கும், முரட்டுக் கல்லாக இருந்தால் அதற்கும் கீழே. குறைந்த கால் கிலோ எங்கே போனது? அந்தச் சேற்றில்தான் இருக்கிறது, நீங்கள் போட்ட கிரிட்டும் சேர்ந்து. ஒவ்வொரு மாதமும் கால் கிலோ கல்லை இடித்துப் பொடியாக்கி சிங்க்கில் கொட்ட யாராவது சம்மதிப்பார்களா? தண்ணீரில் கலந்திருப்பதால் அது கண்ணுக்குக் கல்லாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரை கரையும், உப்பு கரையும். கல் தூள் கரையாது, தண்ணீர் ஓடும்வரை அதில் கலந்து மட்டுமே போகும். குவார்ட்ஸ் என்ற கல்வகை தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம். கிரிட்டாகப் போடும் சிலிக்கான் கார்பைடு மூன்று மடங்குக்கு மேல். தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில், அதாவது சிங்க்குக்குக் கீழே உள்ள யூ வளைவிலும் படுக்கையாகப் போகும் பைப்பிலும், அது அப்படியே உட்கார்ந்துவிடும். மேலே அடுத்த வாரச் சேறு, அதற்கு மேலே குழம்பு எண்ணெய். மாவு போல நைசான தூள் என்பதால் இடுக்கு இல்லாமல் இறுகும். வெந்நீர் ஊற்றினாலும் அடைப்பு நீக்கும் பவுடர் போட்டாலும் அசையாது. ஆசிட் ஊற்றுவது இன்னும் மோசம். குவார்ட்ஸை அது தொடக்கூடத் தொடாது, உங்கள் கண்ணையும் மூச்சையும்தான் எரிக்கும். பாத்ரூம் குழி, கழிவறை, பால்கனி மழைநீர் பைப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நம்ப முடியாவிட்டால் பழைய டப்பா ஒன்றில் அரை டம்ளர் சேற்றை ஊற்றி ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். அப்புறம் ஸ்பூனால் தோண்டிப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? இரண்டு பக்கெட் போதும். முதல் பக்கெட்டின் மேல் பழைய சல்லடையை வைத்துப் பேரலைக் கவிழ்த்து, அங்கேயே கல்லைக் கழுவுங்கள். இரண்டாவது பக்கெட் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லையும், அதிலுள்ள விரிசல், குழி உட்பட, தேயுங்கள். இரண்டு பக்கெட்டையும் இரண்டு ராத்திரி அசைக்காமல் விடுங்கள். மேலே தெளிந்த தண்ணீரை மெல்லச் சாய்த்து அடுத்த முறை கழுவ வைத்துக்கொள்ளலாம். அடியில் தங்கும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் அள்ளி, இறுகக் கட்டி, மக்கும் குப்பையில் சேராமல் தனியாகப் போடுங்கள்.

ஈரமாக இருக்கும்போதே என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். அப்பா சாணை பிடித்தவர். சாணைக்கு மேலே தண்ணீர் சொட்டாமல் ஒரு நாளும் கல்லை வைக்க மாட்டார். குஜராத்தில் கம்பாத் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக அகேட் கல் வேலை செய்கிறவர்களுக்கு சிலிகோசிஸ் வருவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உலர்ந்த கல் தூள் நுரையீரலுக்குள் போய்த் தழும்பாகிவிடும், அதைச் சரிசெய்ய மருந்து கிடையாது. வீட்டு மெஷின் மூடிய பேரலில் தண்ணீரோடு ஓடுவதால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பால்கனியில் சிந்திய சேறு காய்ந்தபிறகு துடைப்பத்தால் பெருக்கினால், மேலே ஃபேனும் ஓடினால், ஆபத்தை நீங்களே வரவழைக்கிறீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த பவுடரை அளந்து போடும்போது மாஸ்க் போடுங்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால் அந்த வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள்.

கல் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சையாக அழகாக இருக்கிறதே என்று மலகைட்டைப் போடாதீர்கள், அதில் செம்பு இருக்கிறது. ஈயம் உள்ள கலீனா, பாதரசம் உள்ள சின்னபார் பக்கமே போக வேண்டாம். அகேட், ஜாஸ்பர், குவார்ட்ஸ் போதும், வருடக்கணக்கில் விளையாடலாம். மார்பிளையும் குவார்ட்ஸையும் ஒன்றாகப் போட்டால் மார்பிள் தேய்ந்தே போய்விடும்.

மெஷின் பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. பேரல் வாயிலும் மூடியிலும் ஒரு துகள் கிரிட் ஒட்டியிருந்தாலும் கசியும், துடைத்துவிட்டு மூடுங்கள். முதல் சில நாட்கள் தினம் ஒரு முறை மூடியைத் திறந்து மூடுங்கள், சில கற்கள் உள்ளே வாயுவை உண்டாக்கி மூடியை உப்ப வைக்கும். முகத்தைத் தள்ளி வைத்துத் திறங்கள். தண்டு சுழலும் இடத்தில் மாதத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய், பெல்ட்டில் பட்டால் வழுக்கும். பேரலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 110 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகாதீர்கள். சத்தம் கேட்கிறது என்று மெஷின் மேல் போர்வை போட்டு மூடவே மூடாதீர்கள்! இந்த மாதம் மட்டும் அப்படிச் சூடேறிக் கருகிய மோட்டார் இரண்டு என் மேசைக்கு வந்தன. சத்தம் தாங்கவில்லை என்றால் பால்கனியில், மழை படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ரப்பர் பேரல் அவ்வளவு சத்தம் போடாது.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். ஓரிரு மணி நேரம் ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போகிறீர்கள், நாலு நாள் நிறுத்தி வைக்கிறீர்கள் என்றால் கழுவிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் பைப்பில் நடந்தது பேரலுக்குள்ளேயே நடக்கும்.

அந்த வீட்டுப் பையன் நேற்று பக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஒரு ராத்திரி ஆகிவிட்டது, தண்ணீர் இன்னும் பால் போலத்தான் இருக்கிறது, இப்போது சாய்க்கலாமா என்று கேட்டிருந்தான். இன்னும் ஒரு ராத்திரி விடு தம்பி, அசைக்காதே என்று பதில் போட்டேன்.