இன்ஃபிமம் சிறுமம் அல்ல

போன வாரமும் ஒரு கணிதப் பாடக்குறிப்பில் infimum என்ற சொல்லுக்கு விளக்கம் பார்த்தேன்: ‘இன்ஃபிமம் என்பது கணத்தின் சிறுமம்’, அதாவது அதன் மிகச் சிறிய உறுப்பு. மூன்று வரி தள்ளி அதுவே ‘மீச்சிறு கீழ் எல்லை’ ஆகிவிட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ், இரண்டும் தப்பு.

லத்தீனில் இன்ஃபிமுஸ் என்றால் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது. அந்தக் ‘கீழே’தான் மொழிபெயர்ப்பவர்களைக் கவிழ்க்கிறது.

1, 1/2, 1/3, 1/4 என்று முடிவில்லாமல் போகும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உறுப்பைக் காட்டினாலும் அதைவிடச் சிறியது அடுத்து நிற்கும், சிறுமம் கிடையாது. இன்ஃபிமம் மட்டும் உண்டு: 0. உறுப்புகள் அதற்குக் கீழே போவதில்லை, ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் அதை நெருங்கும். கணத்துக்குள்ளேயே இல்லாத எண் எப்படி அதன் சிறுமம் ஆகும்? குறிப்பு எழுதியவர் தந்த எடுத்துக்காட்டு 3, 5, 8. அங்கே சிறுமமும் 3, இன்ஃபிமமும் 3. தப்பு வெளியே தெரியவில்லை.

சரி, ‘மீச்சிறு’? மேலே சொன்ன கணத்தின் எந்த உறுப்பும் 0-க்குக் கீழே போகாது. -1-க்கும் போகாது, -1000-க்கும் போகாது. இப்படி உறுப்புகள் கீழே தாண்டாத எண்கள் எல்லாமே கீழ்வரம்புகள்தான். இவற்றில் மீச்சிறியதைத் தேடினால் விடிய விடிய இறங்கிக்கொண்டே இருக்கலாம். நமக்கு வேண்டியது இவற்றுள் பெரியது. ஆகவே மீப்பெரு கீழ்வரம்பு.

‘எல்லை’யையும் விடச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு நுண்கணிதத்திலேயே அந்தச் சொல்லை limit என்ற வேறொரு கருத்துக்கு, போகப் போக நெருங்கிச் செல்லும் எண்ணுக்கு, பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. -1, 1, -1, 1 என்று மாறி மாறி வரும் தொடர்முறையைப் பற்றி எழுதும்போது, ‘இதற்குக் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை உண்டு, எல்லை இல்லை’ என்று எழுத வேண்டிவரும். படிக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது?

வரம்பு நல்ல சொல். நாம் வரப்பு என்பதை யாழ்ப்பாணத்தில் வயல் வரம்பு என்றே சொல்கிறார்கள். வயலுக்குக் கீழே எத்தனையோ வரப்புகள் இருக்கலாம். பயிரை ஒட்டி ஓடுவது ஒன்றுதான். இன்ஃபிமம் அந்த வரப்பு.

இன்ஃபிமம் என்றே எழுதிவிட்டுப் போகிறவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் மாணவனைத் தவறான பக்கம் தள்ளவில்லை. அகராதியில் ‘கீழ்’ என்று கண்டதும் ‘சிறு’ என்று எழுதிவிட்டு, கணக்கைப் போட்டே பார்க்காதவரிடம்தான் சண்டை. ‘மீப்பெரு கீழ்வரம்பு நீளமாக இருக்கிறதே’ என்பார்கள். மீப்பெரு பொதுக் காரணியை மீ.பொ.கா. என்று சுருக்கி எழுதிப் பழகிய கைதானே, மீ.கீ.வ. என்று எழுதட்டும்.