ஸ்நோசில்: தீயணைப்பு வண்டியின் துதிக்கை

விமான நிலையத் தீயணைப்பு வண்டிகள் சிலவற்றின் கூரைமேல் ஒரு நீண்ட கை மடங்கிக் கிடக்கும். உள்ளே அமர்ந்தபடியே ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் அது எழுந்து, நீண்டு, விமானத்தை நெருங்கித் தண்ணீரும் நுரையும் பீச்சும். 50 அடி, 65 அடி என்று உயரம் எட்டுபவை உண்டு. ஏட்டில் இதற்கு 'ஹை ரீச் எக்ஸ்டெண்டபிள் டரெட்' என்று பெயர். அவசரத்தில் யார் இதை முழுதாகச் சொல்வது? அமெரிக்காவில் 'ஸ்நோசில்' என்கிறார்கள். ஜெராக்ஸ் மாதிரி, ஒரு தயாரிப்பின் வணிகப் பெயர் பேச்சில் பொதுப்பெயராகிவிட்டது. ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் நிறுவனம் தன் கைக்கு 'ஸ்டிங்கர்', அதாவது கொடுக்கு, என்று பெயரிட்டிருக்கிறது.

கொடுக்கு என்பது பொருத்தம்தான். தீ விமானத்துக்குள்ளே எரியும்போது வெளியிலிருந்து எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் தகட்டில் பட்டு வழிந்துவிடும். அதனால் இந்தக் கையின் நுனியில் பக்கவாட்டில் துளைகளுள்ள ஒரு கூர்முனையும் பொருத்துகிறார்கள். பயணிகள் விமானமென்றால் இருக்கைகளின் முதுகுக்கு மேலே, பெட்டி வைக்கும் தட்டுக்குக் கீழே அதைக் குத்தி, உள்ளே பீச்ச வேண்டும். சொல்ல எளிது. 2006 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் யு.பி.எஸ். கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று உள்ளே தீயோடு தரையிறங்கியது; விமானக் குழுவினர் மூவரும் தப்பினர். இந்தக் கருவியைக் கையாள வீரர்களில் சிலருக்குப் போதிய பயிற்சி இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் சுட்டிக்காட்டியது.

இனிச் சொல்லுக்கு வருவோம். நீரைப் பீச்சும் குழாய்முனைக்கு ஆங்கிலத்தில் நாசில். 'நோஸ்' என்ற மூக்கின் குட்டிதான் அது: சின்ன மூக்கு. ஸ்நோசிலும் ஆங்கிலக் கொச்சையில் மூக்குதான். பெயர் வைத்தவர் குறும்புக்காரர். இதுபோன்ற நீண்ட கைக்கு ஆங்கிலத்தில் 'பூம்'; டச்சு மொழியில் அது மரம். பாயை விரித்துப் பிடிக்கும் கப்பல் கட்டைக்குப் பெயராகி, பிறகு கிரேனுக்கும், இன்று நம் ஊர்க் கான்கிரீட் பம்ப் வண்டிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நாமும் பாய்மரம் என்றுதானே சொல்கிறோம்! ஏட்டுப் பெயரிலுள்ள 'டரெட்' பழைய பிரெஞ்சில் சின்னக் கோபுரம். அதை அப்படியே தமிழாக்கினால் கோயில் நினைவுதான் வரும்.

நாசிலுக்குக் 'கூம்புக்குழல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. எல்லா நாசிலும் கூம்பு இல்லை. தவிர, கெண்டிக்கு மூக்கு வைத்த மொழிக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு? இந்தக் கருவிக்கோ அதைவிடப் பொருத்தமான உறுப்பொன்று நம்மிடம் இருக்கிறது: துதிக்கை. யானைக்கு அது மூக்கு. தமிழ் அதைக் கை என்று பார்த்தது. தும்பி என்றால் யானை, தும்பிக்கை யானையின் கை. யானைக்கே 'கைம்மா' என்றொரு பெயர் உண்டு. சங்கப் பாட்டு 'தூம்புடைத் தடக்கை' என்கிறது, துளையுள்ள பெரிய கை. பூமும் நாசிலும், கையும் மூக்கும், ஒரே உறுப்பில்! நீரை உறிஞ்சிப் பீச்சுவதும் அதன் வேலைதான்.

ஆகவே முழுக்கருவிக்குத் 'துதிக்கைப் பீச்சி', குத்தும் நுனிக்குத் 'துளைமுனை' என்பது என் பரிந்துரை. பேச்சில் நாசில் நாசிலாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும்: சுருக்குகிறேன் பேர்வழி என்று 'பீச்சுகை' ஆக்கிவிடாதீர்கள். பீச்சாங்கை எது என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.