சவர் ஏல்: தமிழில் என்ன சொல்லலாம்?

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ‘டார்க் சவர் ஏல்’ என்னும் ஒரு வகைப் பீர் குடித்த கதையைச் சொல்கிறார்கள். கேட்கும் பெரியவர்களின் முதல் கேள்வி, “சவரா? உப்புக் கரிக்குமா?” என்பதுதான். கேள்வி நியாயமானது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் தமிழ் பேசும் நமக்குச் சவர் என்றால் உவர்ப்பு. சவர்த் தண்ணி ஆட்டுக்குக்கூட ஆகாது. ஆங்கிலச் ‘சவர்’ புளிப்பைக் குறிக்கும் சொல். ஒலியை மட்டும் தமிழில் எழுதி வைத்தால் சுவையே மாறிப்போகிறது. ‘ஏல்’ என்பதும் அப்படித்தான்: தமிழில் அது ‘ஏற்றுக்கொள்’ என்னும் வினை. இந்த மலையோரத்தில் சிலருக்கு ஏலக்காய் நினைவும் வரும்.

ஏல் பழைய ஜெர்மானியச் சொல். டேனிஷ் மொழியில் ‘ஓல்’, லிதுவேனிய மொழியில் ‘அலுஸ்’, பின்லாந்தில் ‘ஒலுத்’ என்று அதன் உறவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. இங்கிலாந்தில் ஏல் என்பது முதலில், கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ சேராத தானியக் கள். 15ஆம் நூற்றாண்டில் ஹாப் பூ அங்கே பரவியபோது, அது சேர்ந்ததைப் பீர் என்று பிரித்துச் சொன்னார்கள். இன்று அந்தப் பிரிவு இல்லை. சற்று வெதுவெதுப்பான சூட்டில், மேலே பொங்கி நுரைக்கும் ஈஸ்ட் கொண்டு புளிக்கவைப்பது ஏல். குளிரில் மெல்லப் புளிப்பது லாகர். கறுப்பு நிறம் முளைகட்டிய பார்லியைக் கருக வறுப்பதால் வருவது. அதற்கான உருளை வறுகலத்துக்கு 1817இல் டேனியல் வீலர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

புளிப்புக்குப் பேர்போனது பெல்ஜியம். அங்கே ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏலை ஓக் மரத் தொட்டிகளில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்து, பிறகு இளசையும் மூத்ததையும் கலக்கிறார்கள். அந்தப் பகுதிப் புளிப்பு ஏல்களில் ஒரு வகையின் டச்சுப் பெயருக்கே ‘பழைய பழுப்பு’ என்று பொருள். ‘மூத்த கள்’ என்று நம் கள்ளு ஷாப்பில் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். புளிக்கவைக்கும் கிருமிகளும் கிட்டத்தட்ட ஒரே கூட்டம்: ஈஸ்ட், தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியா, வினிகரை உண்டாக்கும் அசிட்டிக் பாக்டீரியா. வேகத்தில்தான் வேறுபாடு. பாளை சீவி முட்டியில் இறக்கிய கள் ஒரே நாளில் கடுத்துவிடும். அந்த ஏலுக்குப் பருவங்கள் வேண்டும்.

குடித்துப் பார்த்ததைச் சொல்லவும் நல்ல தமிழ் வேண்டும். ‘ஒரே புளிப்பு’ என்று நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். இதில் இரண்டு புளிப்பு உண்டு. ஒன்று நாக்கின் ஓரத்தில் மெல்லப் பரவி அடங்கும் தயிர்ப்புளிப்பு. இன்னொன்று மூக்கில் ஏறித் தொண்டையை இழுக்கும் காடிப்புளிப்பு. அதன் பின்னால் வறுத்த முளையின் கருக்கல் கசப்பு, ஓக் மரத்தின் துவர்ப்பு, கடைசியில் பட்டை, மிளகு போட்டிருந்தால் உறைப்பு. கிராம்பு மணம் வந்தாலே கிராம்பு போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. சில ஈஸ்ட் வகைகள் தாமாகவே அந்த மணத்தை உண்டாக்கும்.

காடி என்ற சொல்லை எல்லையில் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். தமிழில் அது புளித்த கஞ்சிநீர், வினிகர். மலையாளத்தில் அரிசி கழுவிய தண்ணீர், மாட்டுக்கு வைப்பது. அங்கே வினிகருக்குச் ‘சொறுக்க’ என்று பெயர். மலையாள நண்பரிடம் “காடி வாசம் அடிக்குது” என்றால் அவர் தொழுவத்தை நினைப்பார்.

இனி ஏலுக்கு வருவோம். ‘கள்’ என்று சொன்னால் இங்கே யாரும் தென்னை, பனைக் கள்ளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவதே சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கோபாலபுரம் எல்லைச் சாவடியைத் தாண்டினால் அந்தச் சொல்லின் எடையே வேறு. மரத்திலிருந்து இறக்குவதையும் தானியத்தை ஊறவைத்துச் சமைப்பதையும் ஒரே சொல்லில் அடைப்பது சரியில்லை.

தானியக் கள்ளுக்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: தோப்பி. பெரும்பாணாற்றுப்படை ‘இல்லடு கள்ளின் தோப்பி பருகி’ என்கிறது. வீட்டில் சமைத்த நெற்கள் என்று பொருள். அகநானூற்றின் 35ஆம் பாட்டில் நடுகல்லுக்குத் தோப்பிக் கள்ளும் செம்மறியும் படைக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படை இன்னொரு இடத்தில், வலைஞர் குடியிருப்பைச் சொல்லும்போது, செய்முறையையே தந்துவிடுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பிழாவில் ஆறவைத்து, அதில் ‘நல்லடை’ கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். நல்லடை என்பது நெல்முளை என்று உரை சொல்கிறது. புற்றுக்குள் கறையான் கட்டும் குரும்பி போன்ற தோற்றம் அதற்கு. இந்த முளைதான் மாவைச் சர்க்கரையாக்குவது. ஏல் காய்ச்சும் இடத்தில் அதையே மால்ட் என்கிறார்கள். பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவுதான் வேறுபாடு. இங்கிலாந்திலும் ஏல் நெடுங்காலம் வீட்டுப் பெண்கள் காய்ச்சிய பானம். ‘இல்லடு’ என்ற அடைமொழி இரண்டுக்கும் பொருந்துவதால், ஏலுக்குத் தோப்பியைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

தேறல் என்று சொல்லலாமே என்பார்கள். அழகான சொல்தான். ‘தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்’ என்று புறநானூறு தேள் கொட்டியதுபோன்ற கடுப்பைச் சொல்கிறது. ஆனால் தேறல் தெளிந்தது, வடித்தது. அடியில் ஈஸ்ட் மண்டி தங்கும் கலங்கல் ஏலுக்கு அது பொருந்தாது. ‘நாட்படு’ என்ற அடைமொழியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஓக் தொட்டியில் மூத்ததை ‘நாட்படு தோப்பி’ என்றால் விளக்கமே வேண்டாம்.

பட்டை, மிளகு, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் சேர்ந்ததற்கு என்ன சொல்வது? இங்கேதான் எல்லை ஊர் கைகொடுக்கிறது. சம்பாரம் என்றால் பழந்தமிழ் அகராதியில் கறிக்கு இடும் மசாலைப் பொருள்கள்; வடமொழியிலிருந்து வந்தது. மலையாளத்தில் அதே சொல் இஞ்சியும் மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோருக்குப் பெயர். புளிப்பும் மசாலையும் சேர்ந்த பானம் என்ற பொருளை அது ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. ‘சரக்கு’ என்று எழுதலாம் என்றால், அந்தச் சொல் இன்று எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆக, சவர் ஏல் ‘புளித்தோப்பி’. கறுப்பாக இருந்தால் ‘கரும்புளித்தோப்பி’. மசாலை சேர்ந்தால் ‘சம்பாரப் புளித்தோப்பி’. ஒற்று விடாமல் எழுத வேண்டும். ‘புளி தோப்பி’ என்று பிரித்தால் புளியந்தோப்பைத் தேடிப் போய்விடுவார்கள். பீர் என்னும் பொதுச்சொல் தமிழில் நன்றாகவே நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. அதன் உட்பிரிவுகளைச் சொல்லும் இடத்தில்தான் தோப்பி தேவைப்படுகிறது.