இது புலமைப்பரிசில் பரீட்சை இல்லை

"மகன் பாஸா டொக்டர்?"

சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதித்துப் பார்க்கிற என்னிடம் போன கிழமை ஒரே நாளில் மூன்று பேர் இப்படிக் கேட்டார்கள். மூன்றாவதாகக் கேட்டவர் மூதூர்ப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் எடுத்து வந்த ஒரு தகப்பன். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன், நேரம் கிடைக்கவில்லை, இன்றுதான் முடிக்கிறேன்.

மகனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். பிள்ளை மற்றவர்களோடு பழகுவதையும் கதைப்பதையும் பாதிக்கிற ஓட்டிசத்துக்கான இருபது கேள்விப் படிவத்தைக் கொடுத்தால் இருபதுக்கும் "ஆம்" என்று கோடு போட்டு இரண்டு நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார். அந்த இருபதில் மூன்று கேள்விகள் தலைகீழானவை, அவற்றுக்கு "ஆம்" என்றால்தான் நாங்கள் யோசிக்க வேண்டும். அதில் ஒன்று, பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது நினைத்தீர்களா என்பது. அதற்கும் "ஆம்". "அப்படி நினைச்சனீங்களா அண்ணா?" என்று கேட்டேன். "சீ, இல்லை டொக்டர், பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் சரியெண்டுதான் போட்டனான்" என்றார்.

தாய் இரண்டு கிழமையாகப் பிள்ளையைத் தயார்படுத்தியிருந்தார். உட்கார்ந்த உடனே "மகன், டொக்டருக்கு ஏபிசி சொல்லிக் காட்டுங்கோ" என்றார், பிள்ளை போனில் வருகிற அதே ராகத்தில் கடைசி எழுத்து வரைக்கும் சொன்னது. நிறங்களும் சொன்னது, ஆங்கிலத்தில். பிறகு நான் சுவரைக் காட்டி "அங்க பாருங்கோ, பல்லி!" என்றேன். அவன் பல்லியையும் பார்க்கவில்லை, என் விரலையும் பார்க்கவில்லை. பெயரைச் சொல்லி நாலு தரம் கூப்பிட்டேன், திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பான் என்று தாயிடம் கேட்டால், "கேட்க மாட்டான், என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போவான்" என்கிறார். விரல் நீட்டி எதையாவது காட்டுவானா? தாய் கொஞ்சம் யோசித்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குக் கோபம் அந்தத் தாய் தகப்பன் மீது இல்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்தே தரம் 5 புலமைப்பரிசிலை நினைத்துக்கொண்டிருக்கிற நம்முடைய பழக்கத்தின் மீதுதான். ஒரு மேசை, ஒரு படிவம், எதிரே ஒரு டொக்டர் என்றால் உடனே அது பரீட்சை, புள்ளி எடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை விடக் கூட எடுக்க வேண்டும். இல்லை அம்மா, இல்லை. 1905 இல் பிரான்சில் பினேயும் சிமோனும் புத்தியை அளக்கிற முதல் அளவுகோலைச் செய்ததே, பாடசாலையில் எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான், யார் முதலாம் பிள்ளை என்று பார்க்க இல்லை. சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கிற பேய்லி அளவுகோலை உருவாக்கிய நான்சி பேய்லி 1928 இல் பெர்க்லியில் தொடங்கிய ஆய்வில் அதே பிள்ளைகளை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். முதல் வருடத்தில் எடுத்த புள்ளிக்கும் பின்னால் வந்த புத்திக்கும் சொல்லும்படியான தொடர்பே இல்லை. ஆகவே ஒரு வயதில் எல்லாம் செய்கிற பிள்ளை டொக்டராக வருமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அதை அளக்கிற கருவி என் அலுமாரியில் இல்லை. இன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு உதவி தேவையா, எதில் தேவை, இவ்வளவுதான் நான் பார்ப்பது.

நான் கொடுக்கிற சிவப்புக் கட்டைகளை எத்தனை அடுக்கினான் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். நானும் எண்ணுகிறேன்தான், ஆனால் அடுக்கு விழுந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதையே கூடக் கவனிக்கிறேன். தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா, சிரிக்கிறானா, மறுபடி எடுக்கிறானா, ஒரு கட்டையைத் தூக்கி எனக்குக் காட்டுகிறானா. இதையெல்லாம் வீட்டில் பழக்கிக் கொண்டுவர முடியாது. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக் கட்டையை வைக்க உதவுகிற அம்மம்மாக்களே, தயவுசெய்து, கையை எடுங்கோ.

நடக்கிற விஷயத்தில் மட்டும் சனம் தேவையில்லாமல் பயப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006 இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியே நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எங்கும் இருக்கலாம். நூறில் நாலு பிள்ளை தவழவே இல்லை, நேரே எழும்பி நடந்துவிட்டது. ஆனால் பேச்சு என்றால் அதே சனம் "ஆம்பிளைப் பிள்ளை, ஆறுதலாத்தான் கதைக்கும்" என்று இரண்டு வருடம் சும்மா இருக்கும். எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்கிற வளர்ச்சிப் பட்டியலை அமெரிக்காவில் 2022 இல் திருத்தியபோது, பாதிப் பிள்ளைகள் செய்கிற வயதை எடுத்துவிட்டு நூறில் 75 பிள்ளைகளாவது செய்கிற வயதைப் போட்டார்கள். ஏனென்றால் பாதிக் கணக்கைக் காட்டினால் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விடுகிறது. கதைக்காத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்களிடமும் பிழை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். படி ஏறுவானா என்று கேட்கிறோம், நிலாவெளியில் மணலில் கட்டிய ஒற்றைத் தட்டு வீட்டில் படி எங்கே இருக்கிறது? தாய் "இல்லை" என்பார், அதைப் பின்னடைவு என்று எழுதினால் பிழை யாருடையது? படத்தில் இருக்கிற கையுறையைத் தெரியாத பிள்ளை வலையையும் வள்ளத்தையும் இறாலையும் பெயர் பெயராகச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த புதிய அளவுகோலை முதலில் பங்களாதேஷிலும் பாகிஸ்தானிலும் தான்சானியாவிலும் வைத்துச் சோதித்தது இந்தப் பிரச்சினை தெரிந்துதான். வீட்டில் தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தால் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் நீங்களே எங்களுக்கு ஞாபகப்படுத்துங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சரி, வரும்போது என்ன செய்ய வேண்டும்? பிள்ளை நித்திரை கொண்டு, வயிறு நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள். காய்ச்சலென்றால் வர வேண்டாம், வேறு நாள் எடுக்கலாம். எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளையென்றால் உள்ளே வந்ததுமே சொல்லுங்கள், இரண்டு வயது வரைக்கும் நாங்கள் முந்திப் பிறந்த அந்தக் காலத்தை வயதிலிருந்து கழித்துத்தான் பார்க்கிறோம். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது யாரோ அவரையும் கூட்டி வாருங்கள், அம்மம்மாவாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு மாமியாக இருந்தாலும் சரி. போனைக் கையில் கொடுத்துக் கொண்டு வராதீர்கள், பறித்தால் அழுவான், அழுகிற பிள்ளையை நான் எதைக் கொண்டு அளப்பது?

"பைத்தியமெண்டு எழுதிப் போடுவீங்களா" என்று ஒரு தாய் மெதுவாகக் கேட்டார். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. அந்தப் படிவம் எந்தப் பாடசாலைக்கும் போகாது. அதில் சந்தேகம் வந்தால் அடுத்தது முழுப் பரிசோதனை, அவ்வளவுதான், அது நோயின் பெயர் இல்லை. பொய்யாக "ஆம்" போட்டுத் தந்தால் பிள்ளை எங்களிடமிருந்து தப்பிப் போய்விடும், பிறகு நாலரை வயதில் முன்பள்ளி ரீச்சர் எழுதிக் கொடுத்த துண்டோடு அதே பிள்ளையைக் கூட்டி வருவீர்கள். அந்த இரண்டு வருடத்தை என்னால் திருப்பித் தர முடியாது.

மூதூர்த் தம்பிக்குக் காதுப் பரிசோதனைக்கு நாள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தகப்பன் புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு, வெளியே வாங்கில் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக வாசித்து அவரிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினார். ஒன்பது இடத்தில் "இல்லை" இருந்தது.